ஆயிரம் புள்ளிகள் கொண்ட படமும் அழிக்கச் சொன்ன ஒரு புள்ளியும்

கடிதத்தின் சுருக்கம்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவர் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு ஒப்பந்த அடிப்படையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போதே எடையைத் தொலைபேசியில் பதிந்து, மாத முடிவில் செக்ரோலை, அதாவது தொழிலாளரின் சம்பளப் பதிவேட்டை, எக்செல் கோப்பாகத் தரும் மென்பொருளே அவர்களது தயாரிப்பு. ஐரோப்பிய நிறுவனமொன்று அதைத் தன் பெயரில் அங்கே விற்பதற்குப் பேசிக்கொண்டிருக்கிறது. உள்ளே என்னென்ன பொதிகள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுதிகள்) இருக்கின்றன, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் ஆவணம் வேண்டுமென அந்த நிறுவனம் கேட்க, வேலை இவரிடம் வந்து சேர்ந்தது. பொதிகளை நிறுவும் கருவியான என்பிஎம், நிறுவியவற்றைப் பதிப்போடு பதிந்துவைக்கும் லொக் கோப்பு முழுவதையும் எடுத்து, ஒரு பொதிப் பெயருக்கு ஒரு புள்ளி, ஒரு சார்புக்கு ஓர் அம்பு என்ற கணக்கில் கிராஃப்விஸ் என்ற வரைபடக் கருவி கொண்டு வரைந்திருக்கிறார். 1,100க்கும் மேற்பட்ட புள்ளிகள் வந்தன. ஹட்டனில் ஏ3 தாளில் அச்சிட்டுப் பார்த்தபோது நடுவில் ஒரு கறுப்புத் திட்டுத்தான் தெரிந்ததாம். பிறகு, தேவையற்ற அம்புகளைக் குறைக்கும் ட்ரெட் என்ற துணைக்கருவியை ஓடவிட்டார். படம் சற்றுத் தெளிந்தது. ஆனால் தாமே நிரலில் நேரடியாக அழைக்கும் சில பொதிகளுக்குப் போக வேண்டிய அம்புகள் காணாமற்போயின. லொக் கோப்பை இணையத்தளமொன்றில் பதிவேற்றியும் வரைந்து பார்த்தார். அந்தத் தளம் ஜேஎஸ்ஜிப் என்ற பொதிக்குப் பக்கத்தில் 'ஜீபிஎல்' (மென்பொருளோடு மூல நிரலையும் கொடுக்க வேண்டுமென்று நிபந்தனை விதிக்கும் உரிமம்) என்று சிவப்பில் காட்டியது.

இதை முகாமையாளரிடம் சொன்னதும், "அந்தப் புள்ளியை அழித்துவிட்டு அனுப்புங்கள். இணையத்தில் சும்மா கிடைக்கிற சாமானுக்கு என்ன உரிமம்?" என்று பதில் வந்திருக்கிறது. ஆவணத்தின் அடியில் தயாரித்தவர் என்ற இடத்தில் இவருடைய பெயர் இருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய காலமும் நெருங்குகிறது. மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் நல்ல கருவியொன்றை வாங்கினால் படம் தெளியுமா, இத்தனை பொதிகள் இருப்பதே ஆபத்தென்றால் பலவற்றைத் தாமே எழுதிக்கொள்ளலாமா, புள்ளியை அழித்தால் சட்டத்தில் சிக்க நேருமா, மறுத்தால் வேலை போய்விடுமா என்பன அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி இரண்டு கேள்விகள்தாம் உங்கள் உறக்கத்தைக் கெடுத்திருக்கின்றன என்பது கடிதத்தைப் படிக்கும்போதே விளங்குகிறது. ஆயினும் அவற்றுக்கு முன்னர், உங்கள் படம் உண்மையைத்தான் சொல்கிறதா என்று பார்த்துவிடுவோம். நீங்கள் இணைத்திருந்த கோப்பைப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: முகாமையாளர் அழிக்கச் சொன்ன புள்ளி அஞ்ச வேண்டிய ஒன்றல்ல. நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன வேறொரு விடயம் உடனே கவனிக்கப்பட வேண்டியது.

கட்டணக் கருவி இதைத் தெளிவாக்காது

அம்புகள் ஒன்றையொன்று வெட்டுவதைக் குறைத்துப் புள்ளிகளை அடுக்குவது கணினிக்கே கடினமான வேலை. கிராஃப்விஸில் உள்ள டொட் என்ற வரையும் நிரல் பின்பற்றும் அடுக்கு முறை, 1981இல் சுகியாமாவும் அவருடன் இருவரும் வெளியிட்ட வழியில் வந்தது. அடுக்குகள் இரண்டே இருந்தாலும்கூட, வெட்டுகள் மிகக் குறைவாக அமையும் வரிசையைக் கண்டுபிடிப்பது என்பி-கடினமான (அளவு கூடினால் விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் அறியப்படாத) கணக்குகளில் ஒன்று என்பது நிறுவப்பட்டிருக்கிறது. ஆகவே, காசு கொடுத்து வாங்கும் கருவியும் இலவசக் கருவியும் ஏதோ ஒரு தோராயத்தைத்தான் செய்கின்றன. புள்ளிகளை ஒன்றையொன்று தள்ளவிட்டு, அம்புகளைச் சுருள்வில்களாக இழுக்கவிட்டு வரையும் முறையொன்றும் உண்டு. கறுப்புப் பின்னணியில் நட்சத்திரக் கூட்டம் போல அழகாக வரும். அத்தகைய படம் விளக்கக்காட்சியின் முதற்பக்கத்துக்கு மேல் எதற்கேனும் உதவியதை நான் கண்டதில்லை.

உங்கள் படம் கறுத்துப்போனதற்குக் காரணம், அது எந்தக் கேள்விக்கும் பதிலாக வரையப்படாததுதான். தொழிலாளி ஒருவர் தன் சம்பளத்தில் ஏன் இவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்கும்போது, தோட்டம் முழுவதன் செக்ரோலையும் கையில் கொடுத்துவிட்டு "இதற்குள் இருக்கிறது, பாருங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? விவரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

வாங்குபவருக்கு என்ன தேவை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம், அதாவது 2024/2847 ஆம் இலக்க ஒழுங்குவிதி, 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பெரும்பாலான கடப்பாடுகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். பாதுகாப்புக் குறைபாடுகளை அறிவிக்கும் கடமை 2026 செப்டெம்பர் 11 இலேயே தொடங்குகிறது. பொருளொன்றைத் தன் பெயரில் சந்தைக்குக் கொண்டுவருபவரை அச்சட்டம் உற்பத்தியாளராகவே கருதுவதால், உங்கள் வாடிக்கையாளர் இப்போதே கேள்வி கேட்கத் தொடங்கியிருப்பதில் வியப்பில்லை. ஆனால் அச்சட்டம் கேட்பது படத்தை அல்ல. குறைந்தபட்சம் முதல் மட்டச் சார்புகளையாவது உள்ளடக்கிய, கணினி வாசிக்கக்கூடிய, பொதுவழக்கிலுள்ள வடிவத்தில் அமைந்த மென்பொருள் உட்கூறுப் பட்டியலைத்தான் அது கேட்கிறது. சைக்ளோன்டிஎக்ஸ், எஸ்பிடிஎக்ஸ் ஆகிய இரண்டும் அத்தகைய வடிவங்கள். எஸ்பிடிஎக்ஸ் 2021இலேயே ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. என்பிஎம்மின் அண்மைய பதிப்புகளில் உள்ள 'என்பிஎம் எஸ்பொம்' என்ற கட்டளை இவ்விரு வடிவங்களிலும் பட்டியலைத் தானே எழுதித் தரும். எது எதைச் சார்ந்தது என்ற தொடர்பும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

ஆகவே முழு விவரம் அந்தக் கோப்பில் போகட்டும். அதற்கு மேல் படங்கள் வேண்டுமானால் சிறியவையாக வரையுங்கள். முதலாவது, உங்கள் மென்பொருளும் அது நேரடியாகச் சார்ந்திருக்கும் பொதிகளும் மட்டும் கொண்ட ஒன்று; ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அதன்பின், கேள்விக்குரிய ஒவ்வொரு பொதிக்கும், வேரிலிருந்து, அதாவது உங்கள் மென்பொருளிலிருந்து, அதுவரை வரும் பாதைகளை மட்டும் காட்டும் ஒவ்வொரு படம். பொதிப் பெயர்கள் நீளமாக இருப்பதால், மேலிருந்து கீழாக அல்லாமல் இடமிருந்து வலமாக அடுக்கச் சொன்னால் ஏ4 தாளிலேயே எழுத்துகளை வாசிக்க முடியும். இவையனைத்தும் உங்கள் கணினியிலேயே ஓடும். இணைப்பு அறுந்துபோகும் மழை நாளிலும் வேலை நிற்காது. டொலரில் மாதக் கட்டணமும் இல்லை.

படத்தில் உண்மையாகவே இருக்கும் பிழைகள்

நீங்கள் பொதியின் பெயரை மட்டும் புள்ளியாக எடுத்திருக்கிறீர்கள். பதிப்பு எண்ணைச் சேர்க்கவில்லை. இது சிறிய விடயம் போலத் தோன்றினாலும், படத்தைப் பொய்யாக்குவது இதுதான். உங்கள் செக்ரோலை எழுதும் எக்செல்ஜேஎஸ் என்ற பொதியை எடுத்துக்கொள்வோம். அது ரீடபிள்-ஸ்ட்ரீம் என்ற பொதியின் மூன்றாம் பதிப்பு வரிசையைச் சார்ந்திருக்கிறது. அதே எக்செல்ஜேஎஸ் சார்ந்திருக்கும் ஜேஎஸ்ஜிப், ரீடபிள்-ஸ்ட்ரீமின் பழைய 2.3 வரிசையைக் கேட்கிறது. என்பிஎம் இரண்டையும் தனித்தனியே நிறுவுகிறது. இரண்டும் வேறு வேறு நிரல்கள், அவற்றின் கீழுள்ள சார்புகளும் வேறு. உங்கள் படத்தில் இரண்டும் ஒரே புள்ளியாகிவிட்டதால், பழைய பதிப்பு மட்டும் கேட்கும் சிறு பொதிகளையெல்லாம் புதிய பதிப்பும் கேட்பதுபோல அம்புகள் ஓடுகின்றன. நாளை பழைய பதிப்பொன்றில் பாதுகாப்புக் குறைபாடு வெளிவந்தால், அதைத் தொடாத பாதைகளும் சிவப்பாகும். உண்மையில் இல்லாத வட்டச் சார்புகளும் இப்படித்தான் முளைக்கின்றன. புள்ளி என்பது பெயரும் பதிப்பும் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

அம்புகள் காணாமற்போனது கருவியின் பழுதன்று. ட்ரெட் செய்வது ஒரு குறிப்பிட்ட கணக்கு: ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வேறு நீண்ட வழி இருந்தால், நேரடி அம்பை நீக்கிவிடும். திகதிகளுக்காக நீங்கள் டேஜேஎஸ் பொதியை நேரடியாக அழைக்கிறீர்கள். எக்செல்ஜேஎஸ்ஸும் அதையே சார்ந்திருக்கிறது. அந்தச் சுற்றுவழி இருப்பதால் உங்கள் மென்பொருளிலிருந்து டேஜேஎஸ்ஸுக்குப் போகும் நேரடி அம்பு தேவையற்றதெனக் கழிக்கப்பட்டது. "இங்கிருந்து அங்கே போக முடியுமா" என்ற கேள்விக்குச் சுருக்கிய படமும் சுருக்காத படமும் ஒரே பதிலைத் தரும். "நேராகப் போகிறதா" என்று கேட்டால் சுருக்கிய படம் தவறான பதிலைத் தரும். வாடிக்கையாளர் கேட்பது முதல் மட்டச் சார்புகளை என்றால், அவருக்குச் சுருக்கிய படத்தை அனுப்பவே கூடாது. அத்தோடு, படத்தில் வட்டங்கள் இருக்கும்போது இந்தச் சுருக்கத்துக்கு ஒரே விடை என்பதும் இல்லாமற்போகிறது.

லொக் கோப்பில் சோதனைக் கருவிகளும், நிரலைக் கட்டும் கருவிகளும் சேர்ந்தே கிடக்கின்றன. உங்கள் ஆயிரத்துச் சொச்சத்தில் பெரும்பகுதி அவையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். வாடிக்கையாளரின் கைக்குப் போகும் பொருளில் அவை இல்லையென்றால், விநியோகத்துக்குரிய படத்திலிருந்து அவற்றை ஒதுக்கலாம். ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதைப் படத்தின் மூலையில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். லொக் கோப்பு காட்டுவது, பொதிகள் தம்மைப் பற்றி அறிவித்துக்கொண்ட சார்புகளை மட்டுமே. 2024 மார்ச்சில் அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் கண்டுபிடித்த எக்ஸ்இசட் விவகாரம், அதாவது எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்துக்குள் ஒளித்துவைக்கப்பட்ட இரகசியப் பின்வாசல், இதற்கு நல்ல சாட்சி. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் தானாக அந்தச் சுருக்க நூலகத்தைச் சார்ந்திருக்கவில்லை. சில லினக்ஸ் விநியோகங்கள் தமது தேவைக்காக எஸ்எஸ்எச் சேவையை சிஸ்டம்டி நூலகத்துடன் இணைத்தன. அதன் பின்னால் எக்ஸ்இசட்டும் உள்ளே வந்தது. மூல நிரலிலிருந்து படம் வரைந்தவருக்கு அந்த அம்பு தெரிந்திருக்காது. உங்கள் பட்டியலையும், முடிந்தால், லொக் கோப்பிலிருந்து மட்டுமல்லாமல் உண்மையில் அனுப்பப்படும் கோப்புகளோடும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். யாரோ எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய நிரல் எந்த லொக் கோப்பிலும் வராது.

புள்ளிகளின் எண்ணிக்கையும் ஆபத்தும்

பொதிகள் அதிகம் என்பதாலேயே ஆபத்து அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஒவ்வொரு பொதிக்குப் பின்னாலும் நாம் அறியாத ஒருவர் இருக்கிறார். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பாட் என்ற 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் விலக்கிக்கொண்டபோது உலகெங்கும் நிரல்கள் கட்டப்படாமல் நின்றன. ஆனால் அதிலிருந்து, "எல்லாவற்றையும் நானே எழுதிக்கொள்கிறேன்" என்ற முடிவுக்குப் போக வேண்டாம். பதினொரு வரியை எழுதலாம். எக்செல் கோப்பு என்பது உள்ளே சிப் சுருக்கமும் எக்ஸ்எம்எல்லும் சேர்ந்தது; அதைத் தனியொருவர் எழுதிப் பராமரிப்பது, குறைபாடுகளைத் தானே உருவாக்கித் தானே காவல் காப்பதாக முடியும்.

எத்தனை புள்ளிகள் என்பதைவிட, எந்த வழியாக, எவ்வளவு ஆழத்தில் என்பதுதான் பெரும்பாலும் முக்கியம். 2021 டிசம்பரில் லொக்ஃபோர்ஜே என்ற ஜாவாப் பொதியின் குறைபாடு வெளிவந்தபோது கூகுளின் குழுவொன்று ஜாவாப் பொதிகளின் மேவன் களஞ்சியத்தை ஆராய்ந்தது. அதன் முதற்கணக்கின்படி 35,000க்கும் மேற்பட்ட ஜாவாப் பொதிகள் பாதிக்கப்பட்டிருந்தன; பின்னர் அந்த எண் 17,000க்கும் மேல் என்று திருத்தப்பட்டது. முதற்கணக்கில் இருந்தவற்றுள் 80 வீதத்துக்கும் மேலானவற்றில் அந்தக் குறைபாடு ஒரு மட்டத்துக்கும் கீழே கிடந்தது. தங்களிடம் லொக்ஃபோர்ஜே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமலிருந்ததற்குக் காரணம் அந்த ஆழம்தான்.

உங்கள் கோப்பிலேயே இதைப் பார்க்கலாம். நிறுவும்போது இன்ஃப்ளைட் என்ற பொதி கைவிடப்பட்டது, நினைவகத்தைக் கசியவிடுகிறது என்று எச்சரிக்கை வருவதாக எழுதியிருந்தீர்கள். முனையத்தில் 'என்பிஎம் எக்ஸ்பிளைன் இன்ஃப்ளைட்' என்று கேட்டால், அது ஏன் உள்ளே இருக்கிறது என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டு வரும். சோதனைக் கருவிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். ஒரு வழி: எக்செல்ஜேஎஸ், அன்சிப்பர், எஃப்ஸ்ட்ரீம், ரிம்ராஃப், குளோப், இன்ஃப்ளைட். மற்றொரு வழி: எக்செல்ஜேஎஸ், ஆர்க்கைவர், அதன் துணைப் பொதி, குளோப், இன்ஃப்ளைட். எஃப்ஸ்ட்ரீமை மாற்றினால் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைத்ததில் உள்ள சிக்கல் இதிலிருந்து தெரியும்: ஒரு வழி அடைபட்டாலும் மற்றது திறந்தே இருக்கிறது. ஆனால் இரண்டு வழிகளும் எக்செல்ஜேஎஸ் என்ற ஒரே வாசலால்தான் உள்ளே வருகின்றன. முடிவெடுக்க வேண்டிய இடம் அது. அதன் புதிய பதிப்புக்காகக் காத்திருப்பதா, குளோப்பின் பதிப்பை மேலெழுதிச் சோதிப்பதா, எழுதும் வேலை மட்டும் செய்யும் வேறு சிறிய பொதிக்கு மாறுவதா என்று முகாமையாளரிடம் தெரிவுகளை வைக்கலாம். எட்டு ஒன்பது புள்ளிகள் கொண்ட இந்தப் படம், உங்கள் ஏ3 தாளைவிட வாடிக்கையாளருக்குப் பயன்படும்.

ஜேஎஸ்ஜிப்பும் உரிமமும்

ஜேஎஸ்ஜிப் தன் உரிமத்தை "எம்ஐடி அல்லது ஜீபிஎல் 3" என்று அறிவிக்கிறது. எம்ஐடி என்பது நிபந்தனைகள் மிகக் குறைந்த உரிமம். 'அல்லது' என்றால், பயன்படுத்துபவர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்துகொள்ளலாம். எம்ஐடி உரிமத்தின் கீழ் பயன்படுத்துகிறோம் என்று உங்கள் கம்பனி தீர்மானித்தால், ஜீபிஎல்லின் நிபந்தனைகள் உங்களைத் தொடா. அந்த இணையத்தளம் உரிம வரியை முழுதாக வாசிக்காமல் 'ஜீபிஎல்' என்ற எழுத்துகளைக் கண்டதும் சிவப்பு அடித்திருக்கிறது. ஜேஎஸ்ஜிப் சார்ந்திருக்கும் பாக்கோ என்ற பொதியின் வரியையும் பாருங்கள்: "எம்ஐடி மற்றும் சிலிப்". அங்கே தெரிவு இல்லை. இரண்டின் நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்தும். இரண்டுமே எளிய உரிமங்கள் என்பதால் சிரமமில்லை. ஆனாலும் அந்த வேறுபாட்டைப் படம் நிறத்தால் காட்ட முயன்றால் தவறிவிடும். பட்டியலில் உரிம வரியை உள்ளபடியே எழுதுங்கள்.

முகாமையாளரின் கூற்றையும் மென்மையாகத் திருத்த வேண்டியிருக்கிறது. இணையத்தில் விலையின்றிக் கிடைப்பதற்கு உரிமையாளர் இல்லை என்று பொருளல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரல்களைப் பதிப்புரிமைக்குட்பட்ட ஆக்கங்களாகவே பாதுகாக்கிறது. உரிமம் ஒன்றுதான் அவற்றைப் பயன்படுத்த நமக்கிருக்கும் அனுமதி. எம்ஐடி கூட, பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நகல்களோடு சேர்த்தே கொடுக்கச் சொல்கிறது. உங்கள் தொலைபேசிச் செயலியில் அந்த அறிவிப்புகள் எங்கேயாவது இருக்கின்றனவா? பெரும்பாலும் இருக்காது. உரிமம் பற்றி உங்கள் கம்பனி இப்போது சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

எதிர்காலத்தில் ஜீபிஎல் மட்டுமே கொண்ட பொதியொன்று உண்மையாகவே அகப்பட்டால், அதை மாற்றுவது, உரிமையாளரிடம் வேறு உரிமம் கேட்பது, அல்லது நிபந்தனைப்படி மூல நிரலைக் கொடுப்பது ஆகிய வழிகள் உண்டு. எந்த வழியென்று முடிவெடுப்பது கம்பனியின் வேலை, உங்களுடையதன்று.

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விடயம்

லொக் கோப்பை வெளித்தளமொன்றில் பதிவேற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோப்பில் பொதுப் பொதிகள் மட்டுமில்லை. உங்கள் கம்பனி தனக்குள் வைத்திருக்கும் பொதிகளின் பெயர்களும், அவை எந்த முகவரியிலிருந்து எடுக்கப்பட்டன என்பதும் இருக்கின்றன. 2021 பெப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர், பெரிய நிறுவனங்களின் உட்பொதிப் பெயர்களை அறிந்து, அதே பெயரில் பொதுக் களஞ்சியத்தில் பொதிகளை வைத்து, 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் வலையமைப்புக்குள் தன் நிரலை ஓடவைக்க முடிந்ததை வெளிப்படுத்தினார். அவர் அதைப் பொறுப்போடு செய்தார். எல்லோரும் அப்படியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பலரும் யோசியாமல் செய்வதுதான். ஆயினும் உங்கள் ஒப்பந்தத்தில் இரகசியம் காக்கும் பிரிவு ஏறத்தாழ நிச்சயமாக இருக்கும். வேறொருவர் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. சொல்லும்போது தீர்வையும் சேர்த்துச் சொல்லுங்கள்: முகவரிகளுக்குள் கடவுச்சாவி ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உடனே மாற்ற வேண்டும், உட்பொதிகளுக்குக் கம்பனியின் முன்பெயரைப் பொதுக் களஞ்சியத்தில் பதிவுசெய்து, அந்த முன்பெயர் கொண்டவை உட்களஞ்சியத்திலிருந்து மட்டுமே எடுக்கப்படுமாறு அமைக்க வேண்டும், அந்தத் தளத்தில் நீக்கும் வசதி இருந்தால் நீக்க வேண்டும். சிவப்பாகத் தெரிந்த ஜேஎஸ்ஜிப்பைவிட இதுவே அவசரமானது.

அழிக்கலாமா, மறுக்கலாமா

சோதனைக் கருவிகளை ஒதுக்கலாம் என்று மேலே சொன்ன நானே, ஒரு புள்ளியை அழிப்பது தவறென்று சொல்வது உங்களுக்கு முரணாகத் தோன்றலாம். சோதனைக் கருவிகளை ஒதுக்குவது எல்லாப் பொதிகளுக்கும் ஒரேமாதிரிப் பொருந்தும் விதி. அந்த விதி படத்திலேயே எழுதப்படுகிறது. பார்ப்பவர் விரும்பினால் விதியை நீக்கித் திரும்ப வரைந்துகொள்ளலாம். ஒரு பொதியைப் பெயர் சொல்லி, அது சங்கடம் தருகிறது என்பதற்காக, சொல்லாமல் எடுத்துவிட்டால் ஆவணம் பொய்யாகிறது. அதனால் பயனும் இல்லை. எக்செல்ஜேஎஸ் பட்டியலில் இருக்கும்போது அதன் கீழே ஜேஎஸ்ஜிப் இல்லையென்றால், வாங்குபவரின் சோதனைக் கருவி அதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். அஞ்சத் தேவையில்லாத ஒன்றை மறைத்ததற்காகக் கம்பனி நம்பிக்கையை இழக்கும்.

சட்டத்தைப் பற்றி: நான் மென்பொருள் பொறியியலாளன், சட்டத்தரணி அல்லன். வாடிக்கையாளருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது, அவருடன் ஒப்பந்தம் செய்த கம்பனிதான். புள்ளியை அழித்ததற்காகவே உங்களைச் சிறைக்கு அனுப்புவார்கள் என்ற அச்சம் மிகையானது. எனினும் உண்மை தெரிந்த நிலையில் பிழையான ஆவணத்தில் தயாரித்தவராகப் பெயர் போட்டால், நாளை தகராறு வரும்போது கம்பனியே உங்களைச் சுட்டிக்காட்ட வழி இருக்கிறது. வேலையைப் பொறுத்தவரை, உங்கள் ஒப்பந்தம் பெயரளவில் எப்படி அழைக்கப்பட்டாலும், வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தே நீங்கள் ஊழியரா சுயாதீன ஒப்பந்தக்காரரா என்று தீர்மானிப்பார்கள். ஊழியரென்றால், நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிராக ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தவணை முடிந்து புதுப்பிக்காமல் விடுவதை எதிர்ப்பது, இடைநடுவில் நீக்குவதை எதிர்ப்பதைவிடக் கடினம். இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை.

அதனால்தான், மறுப்பைச் சண்டையாக்காமல் அந்தச் சண்டைக்கே அவசியமில்லை என்று காட்டும் வழியில் தொடங்கச் சொல்கிறேன். முகாமையாளருக்கு மின்னஞ்சலில் இவ்வளவு போதும்: "ஐயா, ஜேஎஸ்ஜிப் பொதியின் உரிமத்தை முழுமையாகச் சரிபார்த்தேன். அதை எம்ஐடி உரிமத்தின் கீழும் பயன்படுத்த அனுமதி உண்டு. எனவே பட்டியலிலிருந்து நீக்கத் தேவையில்லை. 'எம்ஐடி உரிமம் தெரிவுசெய்யப்பட்டது' என்று குறிப்பிட்டு அனுப்பலாம். உங்கள் அங்கீகாரத்தை எதிர்பார்க்கிறேன்." இதில் குற்றச்சாட்டு இல்லை. அவர் தன் முகத்தைக் காத்துக்கொண்டே சம்மதிக்கலாம். தொலைபேசியில் சொன்ன அறிவுறுத்தல் இப்போது எழுத்திலும் பதிவாகிறது. இந்த மடலின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆதாரம் சேர்ப்பதாக நினைத்துக் கம்பனியின் நிரலையோ லொக் கோப்பையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். எனக்கு அனுப்பிய கோப்பையும் அழித்துவிட்டேன்.

பதிவேற்றிய விடயத்தை இதே மடலில் கலக்க வேண்டாம். அதைத் தனியாக, அதே நாளில் எழுதுங்கள்.

இதற்குப் பிறகும் அழிக்கத்தான் வேண்டுமென்று அவர் நின்றால், தயாரித்தவர் என்ற இடத்திலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடும்படி எழுத்தில் கேளுங்கள். புதுப்பிக்கும் திகதிக்கு முன்னதாகவே ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கட்டணம் சுமையென்றால், சட்ட உதவி ஆணைக்குழுவிடம் வருமான விவரத்தோடு போய்க் கேட்கலாம். கையில் கொண்டுபோக வேண்டியவை ஒப்பந்தம், சம்பளம் வந்த வங்கிக் கூற்றுகள், வேலை நேரத்தையும் விடுமுறையையும் கம்பனி தீர்மானித்ததைக் காட்டும் மடல்கள்.